மாநகரத்தோடு இணைந்த புறநகரில் பழைய கட்டட அனுமதியையும் வடிகாலின் பொறுப்பாளரையும் எங்கே தேடுவது?

கேள்வி: விளிம்புத் தெரு

அனைவருக்கும் வணக்கம். பெருநகரம் ஒன்றின் விளிம்பில் உள்ள குடியிருப்பில் நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய வீட்டை வாங்கினோம். வீடு கட்டப்பட்ட காலத்தில் அப்பகுதி சிற்றூர் நிர்வாகத்தின் கீழ் இருந்தது. பின்னர் சிறுநகரமாகத் தரம் உயர்ந்து, நாங்கள் குடிவந்த மறு ஆண்டு மாநகரத்தோடு இணைக்கப்பட்டது.

மாடியில் ஓர் அறை கட்ட விண்ணப்பித்தபோது, வீட்டுக்கு முதன்முதலில் வழங்கப்பட்ட அனுமதியையும் அதனுடன் சேர்ந்த வரைபடத்தையும் கேட்டார்கள். வீட்டை விற்றவரிடம் இரண்டும் இல்லை. மாநகர அலுவலகத்தில் கேட்டால் பழைய சிறுநகர அலுவலகத்துக்குப் போகச் சொல்கிறார்கள். அந்தக் கட்டடம் இப்போது வரி வசூல் மையமாக மட்டும் இயங்குகிறது. அங்குள்ளவர்கள் நில ஆவண அலுவலகத்தைக் கை காட்டுகிறார்கள். அங்கேயும் "இங்கே இல்லை" என்ற அதே சொல்தான் கிடைத்தது.

இரண்டாவது சிக்கல் வடிகால் பற்றியது. எங்கள் பின்மதிலை ஒட்டிச் செல்லும் வடிகால் மழைக்காலத்தில் நிரம்பி, பின்கட்டில் உள்ள அம்மாவின் அறை வாசல்வரை தண்ணீர் வந்துவிடுகிறது. அவருக்கு 78 வயது. மழை பெய்யும் இரவுகளில் வாசற்படியில் செங்கல்லை அடுக்கிவிட்டு நாங்கள் மாறி மாறி விழித்திருக்கிறோம். அந்த வடிகாலைத் தூர்வார வேண்டியவர் யார் என்று கேட்டால், மாநகரப் பொறியியல் பிரிவு, சாலைத் துறை, நீர்நிலைகளைப் பராமரிக்கும் துறை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று காட்டுகின்றன.

இங்கே பல நாடுகளில் வாழ்பவர்கள் எழுதுவதால், ஊரின் பெயரைச் சொல்லாமல் முறையை மட்டும் கேட்கிறேன். இத்தகைய தேடலை எங்கிருந்து தொடங்க வேண்டும்? எதை முதலில், யாரிடம் கேட்க வேண்டும்?

பதில்: பதிவறை

நான் ஓர் உள்ளாட்சி அமைப்பின் பதிவறையில் 26 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். தங்களைப் போல் களைத்துப்போய் வந்து நின்றவர்களை நாள்தோறும் பார்த்திருக்கிறேன். அவர்களுள் பலர் தேடியது கிடைக்காமல் போனதற்கு, கேள்வியைத் தவறான முனையிலிருந்து கேட்டதே காரணம் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஒருவர் விண்ணப்பிக்கிறார், அதிகாரம் உள்ள ஒருவர் ஆணையிடுகிறார். அந்தச் செயல் விட்டுச் செல்லும் தடயமே ஆவணம். எனவே "என் வீட்டு வரைபடம் எங்கே இருக்கிறது" என்று கேட்பதற்கு முன், "வீடு கட்டப்பட்ட ஆண்டில், அந்த மனையில், கட்டட அனுமதி தரும் அதிகாரம் யாருக்கு இருந்தது" என்று கேட்க வேண்டும். ஆவணக் காப்பகங்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையே இதற்குக் காரணம். பிரான்சின் உள்துறை அமைச்சகம் 1841-இல் அனுப்பிய ஒரு சுற்றறிக்கை, ஓர் அமைப்பிலிருந்து வந்த தாள்களை வேறு அமைப்பின் தாள்களோடு கலக்காமல் அந்த அமைப்பின் தொகுதியாகவே வைக்க வேண்டும் என்று வகுத்தது. அந்தக் கொள்கையைத்தான் உலகெங்கும் காப்பகங்கள் பின்பற்றுகின்றன. ஆகவே, தங்கள் சிறுநகரத்தின் தாள்கள் மாநகரத்துக்கு வந்து சேர்ந்திருந்தாலும், அவை இன்றைய வட்ட எண்ணிலோ தெருப் பெயரிலோ பிரிக்கப்பட்டிருக்கமாட்டா. கலைக்கப்பட்ட அந்தச் சிறுநகரத்தின் பெயரிலேயே ஒரு மூலையில் கட்டுக்கட்டாக இருக்கும். முகப்பில் அமர்ந்திருக்கும் ஊழியர் இன்றைய முகவரியைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு "இல்லை" என்று சொல்வது பொய்யன்று. அவர் பார்த்த இடத்தில் அது இல்லை, அவ்வளவுதான்.

முதலில் ஒரு தாளில் கால வரிசை ஒன்றைத் தயாரியுங்கள். எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை எந்த நிர்வாகம் இருந்தது, ஒவ்வொரு காலத்திலும் கட்டட அனுமதி, மனைப்பிரிவு அனுமதி, வரி விதிப்பு ஆகிய மூன்றும் யார் கையில் இருந்தன என்று எழுதுங்கள். கட்டட அனுமதி உள்ளாட்சியிடமும், மனைப்பிரிவுக்கான அனுமதி தனித் திட்டக் குழுமத்திடமும் இருப்பது பல நாடுகளில் காணப்படும் ஏற்பாடு. இந்த மாற்றங்களின் தேதிகளை ஊராரிடம் கேட்டு நிர்ணயிக்க வேண்டாம். நினைவு இரண்டு மூன்று ஆண்டுகள் பிசகும். இணைப்பு ஆணை அரசிதழில் வெளியாகியிருக்கும். எந்தெந்தப் பகுதிகள் எந்த நாளிலிருந்து சேர்கின்றன என்பது அதில் இருக்கும். இந்தியாவில் 1992-ஆம் ஆண்டின் 74-ஆவது அரசமைப்புத் திருத்தம், ஊரகத்திலிருந்து நகரமாக மாறிக்கொண்டிருக்கும் பகுதிக்கென்றே தனி உள்ளாட்சி வகை ஒன்றை ஏற்படுத்தியது. புறநகர் இப்படிப் படிப்படியாக உருமாறும் என்பதைச் சட்டமே எதிர்பார்த்திருக்கிறது.

அடுத்து, இணைப்பின்போது தயாரிக்கப்பட்ட ஒப்படைப்புப் பட்டியலைக் கேளுங்கள். ஓர் அமைப்பு கலைக்கப்படும்போது அதன் சொத்துகள், கடன்கள், ஊழியர்கள் ஆகியவற்றோடு பதிவேடுகளும் கோப்புகளும் எண்ணிக்கையிட்டு ஒப்படைக்கப்பட வேண்டும். அந்தப் பட்டியலின் பெயரைச் சொல்லிக் கேட்கும்போது, பதிவறையில் இருப்பவர் தங்களை வேறு விதமாகப் பார்ப்பார்.

மூன்றாவதாக, கோப்பைத் தேடாமல் பதிவேட்டைத் தேடுங்கள். கோப்புகளுக்குப் பாதுகாப்புக் காலம் உண்டு. அது முடிந்ததும் விதிப்படி அழிக்கப்படலாம். அனுமதிப் பதிவேடு பெரும்பாலும் நிரந்தரமாக வைக்கப்படும்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 1987-ஆம் ஆண்டில் கட்டிய வீட்டின் அனுமதியைத் தேடி ஒருவர் பல மாதங்கள் அலைந்தார். வீட்டு எண்ணாலும் தெருவாலும் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகுதான் அந்த ஆண்டில் அந்தத் தெருவுக்குப் பெயரே வைக்கப்படவில்லை என்பது தெரிந்தது. நில அளவை எண்ணையும் அப்போதைய உரிமையாளரின் பெயரையும் வைத்துக்கொண்டு, நானும் அவரும் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். பதினோராம் பக்கத்தில் நீல மையில் அனுமதி எண், தேதி, கட்டணம் செலுத்திய ரசீது எண் ஆகியவை வரிசையாக இருந்தன. ஓரத்தில் சிவப்பு மையில் "வரைபடம் பொறியியல் பிரிவில்" என்று ஒரே ஒரு வரி. அந்த வரியைப் பின்பற்றிச் சென்றபோது, வேறொரு கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருந்த இரும்புப் பெட்டியில் வரைபடம் கிடைத்தது. எழுதி வைத்த எழுத்தர் யார் என்று எனக்குத் தெரியாது. அவருடைய கவனத்தால் ஒரு குடும்பத்தின் சிக்கல் தீர்ந்தது.

கடைசியாக ஒன்று. "இல்லை" என்ற சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு: அப்படி ஓர் ஆவணம் உருவாக்கப்படவே இல்லை, உருவாக்கப்பட்டு வேறிடம் சென்றுவிட்டது, இருந்து அழிக்கப்பட்டுவிட்டது. இம்மூன்றில் எது என்று எழுத்தில் கேளுங்கள். அழிக்கப்பட்டிருந்தால் அழிப்புப் பதிவேட்டில் தேதியும் ஆணை எண்ணும் இருக்க வேண்டும். அதன் நகல் தங்களுக்கு வேறு பயனையும் தரும்: மூல வரைபடத்தைத் தங்களால் தர இயலாமைக்கு அதுவே சான்று.

தகவல் உரிமைச் சட்டத்தை நான் இறுதியில்தான் பயன்படுத்தச் சொல்வேன். முதலில் நேரில் சென்று, பதிவறைக்குப் பொறுப்பானவரைச் சந்தியுங்கள்.

பதில்: அளவுச்சங்கிலி

நான் நில அளவையாளர். பதிவறை ஐயா சொன்னதோடு நிலத்தின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

தங்கள் நாட்டில் நிலப் பதிவு எந்த முறையில் நடக்கிறது என்பதைப் பொறுத்தே தேடல் அமையும். இந்தியாவில் 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி பதிவாவது பத்திரமே. உரிமைக்கு அரசு உறுதி கூறுவதில்லை. எனவே இன்றைய பத்திரத்திலிருந்து தாய்ப்பத்திரம்வரை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். தென் ஆஸ்திரேலியாவில் 1858-இல் ராபர்ட் டாரென்ஸ் கொண்டுவந்த முறையில், பதிவேட்டில் பெயர் ஏறுவதே உரிமையாகிறது. மலேசியாவின் 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் இம்முறையைச் சார்ந்தது. சிங்கப்பூரும் இதையே பின்பற்றுகிறது. அங்கெல்லாம் பின்னோக்கிச் செல்லும் சுமை குறைவு. பதிவேடுகளைப் பார்வையிட உரிமையாளராக இருக்க வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990 முதல் நிலப் பதிவேட்டை எவரும் பார்க்கலாம்; இந்தியப் பதிவுச் சட்டத்தின் 57-ஆவது பிரிவும், அசையாச் சொத்துக்கான முதற் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிட இடமளிக்கிறது.

பழைய பத்திரங்களைப் படிக்கும்போது சொத்து விவரப் பகுதியை ஒரு வரியும் விடாமல் படியுங்கள். கட்டட அனுமதி எண்ணும் தேதியும் அங்கேயே எழுதப்பட்டிருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். முந்தைய உரிமையாளர் வீட்டுக் கடன் வாங்கியிருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்திடம் அனுமதி வரைபடத்தின் நகல் இருக்க வாய்ப்பு உண்டு. இந்த வழியை எவரும் எளிதில் நினைப்பதில்லை. அந்த உரிமையாளரையே நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

மறு அளவை நடந்த பகுதியாக இருந்தால் நில அளவை எண் மாறியிருக்கும். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைத்துக் காட்டும் ஒப்பீட்டுப் பட்டியல் அளவை அலுவலகத்தில் இருக்கும். அது இல்லாமல் பதிவறைக்குச் சென்றால் வேறொருவர் மனையின் கோப்பைத்தான் எடுத்துத் தருவார்கள்.

வடிகால் விஷயத்தில் தங்களுக்குத் தெளிவான விடை கிடைக்கும் என்று நம்புகிறேன். அளவை வரைபடத்தில் அந்த வடிகால் எப்படிக் காட்டப்பட்டுள்ளது என்று பாருங்கள். அதற்கெனத் தனி எண் இருந்து, பதிவேட்டில் அரசு ஓடை அல்லது வாய்க்கால் என்று குறிக்கப்பட்டிருந்தால், அது பழைய நீர்வழி. நீர்நிலைத் துறையிடமோ, அதை யாரிடம் ஒப்படைத்தார்களோ அவர்களிடமோ கேட்க வேண்டும். சாலையின் எண்ணுக்குள்ளேயே அடங்கியிருந்தால் அது சாலையோர வடிகால், அந்தச் சாலை யாருடையதோ அவர் பொறுப்பு. இரண்டும் இல்லாமல், மனைப்பிரிவு வரைபடத்தில் மட்டும் இருந்தால், மனை போட்டவர் சாலைகளோடு சேர்த்து அதை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் கொடுத்திருக்க வேண்டும். அந்தப் பத்திரம் பதிவாகியுள்ளதா என்று பாருங்கள். கொடுக்கப்படாமலே விடப்பட்டிருந்தால்தான் மூன்று துறைகளும் கைவிரிக்கும் நிலை வரும்.

வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மழையில்லாத ஒரு காலைப்பொழுதில் அந்த வடிகாலின் தலைமாட்டிலிருந்து கடைமடைவரை ஒருமுறை நடந்து பாருங்கள். எங்கே அகலம் குறைகிறது, எந்தச் சிறுபாலத்தின் கல்லில் எந்தத் துறையின் எழுத்து பொறிக்கப்பட்டுள்ளது என்பதைப் படம் எடுத்து வையுங்கள்.

பதில்: வட்டக் கூட்டம்

நான் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளராக ஒன்பது ஆண்டுகள் இருந்தவள். விளிம்புத் தெரு, தங்கள் அம்மாவின் நிலையைப் படித்தபோது மனம் வருந்தியது. வடிகால் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பொறுப்பு யாருடையது என்பதை வாய்மொழியாகக் கேட்டால் எவரும் ஏற்கமாட்டார்கள். இதுவரை அந்த வடிகாலுக்குச் செலவு செய்தவர் யார் என்று பாருங்கள். இணைப்புக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளின் வரவு செலவுக் கணக்கிலும், மன்றத் தீர்மானங்களிலும், ஒப்பந்ததாரருக்குத் தொகை வழங்கிய பட்டியல்களிலும் (பில்) அது எங்காவது இருக்கும். பட்டியலோடு இணைந்த அளவுப் புத்தகத்தில் எத்தனை மீட்டர் தூர்வாரப்பட்டது, எங்கிருந்து எங்குவரை என்ற விவரம் இருக்கும். எங்கள் தெருவில் இதே சண்டை நடந்தபோது, ஒரே ஒரு பழைய பட்டியலின் நகலை மேசைமீது வைத்தோம். அதன் பிறகு அந்தப் பிரிவு மறுக்கவில்லை.

ஒரே சேவை இரண்டு அமைப்புகளுக்கிடையே பிரிந்திருக்கக்கூடும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். இங்கிலாந்தில் இரண்டு அடுக்கு நிர்வாகம் உள்ள பகுதிகளில், வீட்டு வாசலிலிருந்து குப்பையை எடுப்பது கீழடுக்கு மன்றம், எடுத்த குப்பையை அப்புறப்படுத்துவது மேலடுக்கு மன்றம். அமெரிக்காவில் பள்ளிக்கும் தீயணைப்புக்கும் குடிநீருக்கும் தனித்தனி அமைப்புகள் இருப்பதால், மொத்த உள்ளாட்சிகளின் எண்ணிக்கை 90 ஆயிரத்தைத் தாண்டுகிறது. அங்கே புறநகர்வாசி ஒருவர் தம் வரிச் சீட்டில் உள்ள ஒவ்வொரு வரியையும் படித்தாலே, எத்தனை அமைப்புகள் தம்மை ஆள்கின்றன என்று தெரிந்துகொள்ளலாம். எந்த நாட்டிலும் வரிச் சீட்டு ஒரு நல்ல தொடக்கம்.

மன்றக் கூட்டக் குறிப்புகளைப் படிக்கும்போது தீர்மானத்தோடு நிறுத்திவிடாதீர்கள். உயிர் இருப்பது தீர்மானத்தோடு சேர்த்து வைக்கப்பட்ட தாள்களில். பொறியாளரின் குறிப்பும் மதிப்பீடும் அங்கேதான் இருக்கும். கூட்டத்துக்கு முன்பே நிகழ்ச்சி நிரலைப் பெறும் உரிமை பல நாடுகளில் உண்டு: இங்கிலாந்தில் 1972-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டப்படி நிகழ்ச்சி நிரலும் அறிக்கைகளும் கூட்டத்துக்குக் குறைந்தது ஐந்து முழு நாட்களுக்கு முன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்.

பதிவறை ஐயாவோடு ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். தகவல் உரிமை விண்ணப்பத்தை இறுதிவரை ஒத்திப்போட வேண்டாம். ஐயா இருந்திருந்தால் நேரில் சென்றாலே போதும். எல்லாப் பதிவறைகளிலும் ஐயா இருப்பதில்லை. எழுத்தில் கேட்ட நாளிலிருந்துதான் கெடு ஓடத் தொடங்குகிறது. இந்தியாவில் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 நாட்கள். இலங்கையில் 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டப்படி தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். பிரிட்டனில் 20 வேலை நாட்கள். கனடாவின் ஒன்டாரியோவில், 1991 முதல் நடைமுறையில் உள்ள நகராட்சிகளுக்கான தனிச் சட்டப்படி 30 நாட்கள். அமெரிக்காவில் வாழ்பவர்கள் கவனிக்க வேண்டும்: 1966-ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டம் கூட்டாட்சித் துறைகளுக்கு மட்டுமே பொருந்தும். நகரத்திடமோ மாவட்டத்திடமோ கேட்க அந்தந்த மாநிலத்தின் பொது ஆவணச் சட்டத்தைக் குறிப்பிட வேண்டும்.

மூன்று அலுவலகங்களுக்கு நடுவே அலையும் தங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது இதுதான்: இந்தியச் சட்டத்தின் 6(3) பிரிவின்படி, கேட்ட தகவல் வேறொரு பொது அமைப்பிடம் இருந்தால், விண்ணப்பத்தைப் பெற்றவர் ஐந்து நாட்களுக்குள் அதை அங்கே மாற்றியனுப்பித் தங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். அலைய வேண்டிய வேலையை விண்ணப்பத்திடம் விட்டுவிடலாம். பிரிட்டன் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, கேட்பவருக்கு ஆலோசனையும் உதவியும் தருவதைக் கடமையாக்குகிறது. காரணம் சொல்லத் தேவையில்லை என்பதும் இந்தியச் சட்டத்தில் உண்டு.

ஆனால் "என் வடிகாலை ஏன் சுத்தம் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள். அது குறை, தகவல் அன்று. "இன்ன ஆண்டிலிருந்து இன்ன ஆண்டுவரை, இன்ன நில அளவை எண்ணில் உள்ள வடிகாலுக்குச் செய்யப்பட்ட பராமரிப்புப் பணிகளின் பட்டியல்களையும் அளவுப் புத்தகப் பக்கங்களையும் பார்வையிட விரும்புகிறேன்" என்று கேளுங்கள். நகலைவிடப் பார்வையிடுவதே மேல். கோப்பு மேசைக்கு வந்துவிட்டால், நாம் பெயர் தெரிந்து கேட்டிருக்க முடியாத தாள்களும் அதில் இருக்கும்.

மறுமொழி: விளிம்புத் தெரு

மூவருக்கும் நன்றி சொல்ல இவ்வளவு தாமதமானதற்குப் பொறுத்தருள வேண்டும். ஆறு வாரங்களில் நடந்ததைச் சொல்கிறேன்.

இணைப்பு ஆணையை அரசிதழில் கண்டெடுத்தேன். ஒப்படைப்புப் பட்டியலின் பெயரைச் சொன்னதும் பதிவறைப் பொறுப்பாளர் எழுந்து உள்ளே அழைத்துச் சென்றார். எங்கள் அனுமதி சிறுநகரத்தின் பதிவேட்டில் இல்லை. அதற்கும் முந்தைய சிற்றூர் நிர்வாகத்தின் பதிவேட்டில், முதல் உரிமையாளரின் தந்தை பெயரில் இருந்தது. கடந்த வாரம் வரைபடமும் கிடைத்தது. மடிப்பு விழுந்த இடத்தில் கிழிந்து, பின்கட்டு இருக்கும் மூலை மட்டும் இல்லை. அலுவலகத்தின் முத்திரையும் கையெழுத்தும் முழுமையாக உள்ளன.

வடிகாலுக்கு அளவை வரைபடத்தில் தனி எண் இருக்கிறது. இணைப்புக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் சிறுநகரமே அதைத் தூர்வாரி, பட்டியல் தொகையும் கொடுத்திருக்கிறது. அந்தப் பட்டியலின் நகலை இணைத்து மாநகரப் பொறியியல் பிரிவுக்கு மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு பெற்றிருக்கிறேன். அதன் பிறகு நேற்று இளநிலைப் பொறியாளர் ஒருவர் வந்து, வடிகாலின் அகலத்தை நாடா பிடித்து அளந்து சென்றார்.

ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. கிழிந்த வரைபடத்துக்குச் சான்றிட்ட நகல் தருவார்களா? தந்தால், மாடி அனுமதிக்கு அது செல்லுபடியாகுமா?

பதில்: பதிவறை

மிகவும் மகிழ்ச்சி. வட்டக் கூட்டம் அம்மையார் சொன்னது சரியே; எழுத்தில் முதலிலேயே கேட்பதை நானும் ஏற்கிறேன்.

கிழிந்த வரைபடத்துக்கும் சான்றிட்ட நகல் தரலாம். உள்ளபடியே நகலெடுத்து, மூலத்தின் இன்ன பகுதி சிதைந்துள்ளது என்று நகலின் அடியில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். சிதைந்த பகுதியைக் கையால் வரைந்து நிரப்பித் தருவதாக யாரேனும் சொன்னால் ஏற்க வேண்டாம். பின்னாளில் அது தங்களுக்கே கேடாக முடியும்.

மாடி அனுமதிக்கு அதை ஏற்பதா என்பதை அனுமதி தரும் அதிகாரிதான் முடிவு செய்ய வேண்டும். அவர் முடிவு செய்வதற்குத் துணையாக, வீட்டுக்கு முதன்முதலில் வரி விதித்தபோது எடுத்த அளவுத்தாளையும் கேட்டு வாங்குங்கள். வரி விதிக்க வந்தவர் ஒவ்வோர் அறையின் நீள அகலத்தையும் கூரையின் வகையையும் குறித்திருப்பார். பின்கட்டு அறை அந்தத் தாளில் இருந்தால், முதல் வரி விதிப்பின்போதே அது கட்டப்பட்டிருந்தது என்பதற்கு அதுவே சான்றாகும். வரிப் பதிவேட்டில் வீட்டு எண்ணுக்கு எதிரே அந்தத் தாளின் எண் எழுதப்பட்டிருக்கும். பதிவேட்டை ஒப்படைப்புப் பட்டியலின் வருவாய்ப் பிரிவின் கீழ்த் தேடச் சொல்லுங்கள்.